ஒழுகாத தோணி

ஒரு தகரப் பேணியைக் குப்பைக்குள் எறிந்ததுதான் என் வாழ்நாளில் நான் செய்த பெரிய மடைத்தனம் என்று சொன்னால், என்னைத் தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அவர்களிடம் வேறு பட்டியல் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ளவை எல்லாம் தெரியாத்தனமாகச் செய்தவை. இது யோசித்து, நிதானமாக, நாலு பேர் பார்க்கச் செய்தது. எறிந்த கையோடு இரண்டு வசனமும் பேசினேன். "ஒழுகாத தோணிக்குப் பேணி எதுக்கு?" என்பது முதலாவது. இரண்டாவதை எழுத வெட்கமாக இருக்கிறது. அதில் 'நவீன' என்ற சொல் வந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இரண்டு கிலோ பால்மா வந்த பழைய பேணி அது. படமும் எழுத்தும் எப்போதோ உரிந்துபோயிருந்தன. தோணிக்குள் ஊறும் தண்ணீரை இறைக்க, வாயின் ஒரு பக்கத்தைச் சுத்தியலால் தட்டி, தோணியின் அடிவளைவோடு படியும்படி சரித்திருந்தது. குறுக்கே ஆணியடித்து ஏற்றிய பூவரசங்கட்டைதான் கைபிடி. அந்தக் கட்டை நாலு இடத்தில் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தது, ஒரு மனிதரின் வலக்கை விரல்களுக்கு அளவெடுத்ததுபோல. அந்த மனிதர் என் அத்தான், மூத்த அக்காவின் புருஷன்.

அத்தான் கணக்கு வாத்தியார். வீடு ஆரையம்பதியில். வளவின் மேற்கு எல்லை வாவிக்குள் இறங்கும். பள்ளிக்கூடம் வாவிக்கு அப்பால், படுவான்கரையில், கரையேறிக் கொஞ்ச நேரம் வட்டை வயல் வரம்பால் நடந்தால் வரும். பாலம் இல்லாத காலம். ஆட்களை ஏற்றி இறக்கப் 'பாதை' என்று நாங்கள் சொல்கிற இழுவைப் படகு ஒன்று ஓடியது. அது வருகிற நேரமும் பள்ளிக்கூட மணியும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. ஆகவே அவர் ஒரு மரத்தோணியை வாங்கி, ஓய்வு பெறும் வரைக்கும் தானே வலித்துப் போய்வந்தார். தோணி வாங்கும்போதே ஒழுகியது. நாற்பது தரம் சவளை, அதாவது துடுப்பை, போட்டு வலித்தால் பத்துப் பேணி தண்ணீர் இறைக்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு. ஒரு குழாய் தொட்டியை நிரப்ப இன்னொரு குழாய் வெறுமையாக்குகிற அந்தக் கணக்கு இருக்கிறதே, நாட்டிலுள்ள பிள்ளைகள் எல்லாம் தலையைச் சொறிகிற கணக்கு, அது அவருடைய வகுப்பில் மட்டும் எல்லாருக்கும் விளங்கியதாம். விளங்காமல் என்ன? அந்தக் கணக்கு ஒவ்வொரு காலையும் முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடு கரையேறுவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

சண்டைக் காலத்தில் இரண்டு கரையிலும் இரண்டு விதமான துவக்குக்காரர் நின்றார்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான். என்ன கொண்டு போறாய்? "தண்ணி" என்பாராம் அத்தான். "அள்ளி அள்ளி ஊத்துறன், முடியுதில்ல." பேணியையும் தூக்கிக் காட்டுவாராம். இரண்டு பக்கமும் சிரித்து விட்டுவிட்டார்கள் என்று அவர் சொல்வார். ஒவ்வொரு நாளும் சிரித்திருக்கமாட்டார்கள் என்று அக்கா சொல்வாள். அதற்கு மேல் இரண்டு பேரும் சொல்வதில்லை.

பிறகு மண்முனையில் பாலம் வந்தது. வாவியை ஓட்டோவில் கடக்கலாம் என்றாயிற்று. அத்தானும் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் காரணமில்லாமல் தோணியில் அக்கரைக்குப் போய்வந்துகொண்டிருந்தவருடைய வலக்கையிலிருந்து ஒரு காலையில் தேத்தண்ணிக் கோப்பை நழுவியது. பாரிசவாதம். வலக்கை தொங்கிப்போனது. வலக்கால் பாதி திரும்பி வந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக, அரசாங்கக் கச்சேரி அலுவலக வாசலில் வரிசையில் நிற்கிறவர்களைப்போல, முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தன. தோணியைக் கவிழ்த்துப் பூவரசுக்குக் கீழே போட்டோம். இரண்டு வருஷம் அதற்குள் கோழிகள் முட்டையிட்டன.

கடற்கரைப் பக்கத்து ஹொட்டல்காரர் ஒருவர், முற்றத்தில் வைத்து மண் நிரப்பிப் பூங்கன்று நடுவதற்குப் பழைய மரத்தோணி தேடுகிறார் என்று யாரோ சொல்ல, அக்கா ஓம் என்றுவிட்டாள். மாதம் முடிகிற கிழமையில் லொறி வரும். அதை அத்தானிடம் சொன்ன அன்று பின்னேரம் அவர் தன் கதிரையைத் திருப்பி, தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி, தோணியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். உள்ளே கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுதான் விஷயம் பாரதூரமானது என்று எனக்குப் பட்டது.

"ஒருக்கா... போகணும்" என்றார்.

"பாலம் இரிக்கி, ஓட்டோ இரிக்கி. நாளைக்கே கூட்டிப் போறன்" என்றாள் அக்கா.

"தோணியில."

"தோணி எங்க இரிக்கி? ஓட்டை அரிதட்டுத்தான் இரிக்கி."

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனிதன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போயிருப்பான். நான் சொன்னேன்: "அக்கா, நான் திருத்துறன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்து "நீயா?" என்றாள். ஐம்பத்திரண்டு வருஷ அனுபவம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. பிறகு அத்தானின் முகத்தைப் பார்த்தாள். "சரி. லொறி வாறதுக்குள்ள இவர அதில ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோய்க் காட்டு. தோணி இஞ்சயே கிடக்கட்டும், நான் வாய் திறக்கமாட்டன். இல்லாட்டி அவங்க வந்து மண்ண நிரப்பட்டும்."

என்னுடைய தகுதியைச் சொல்லிவிடவேண்டும். கச்சேரியில் இருபத்தெட்டு வருஷம் கோப்புத் தைத்து, முதுகு நோவோடு முன்கூட்டியே வீட்டுக்கு வந்தவன் நான். மரவேலைக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, மேசைக்கு முன்னால் இருந்தேன் என்பது மட்டுமே. ஆனால் வாசித்திருந்தேன். பண்டைக் காலத்துக் கடலோடிகள், பாய்மரங்கள், பருவக்காற்றுகள் என்று ஒரு அலுமாரி நிறைய வாசித்திருந்தேன். போதாததற்குக் குளிர்நாட்டுத் தாடிக்காரர்கள் மரப்படகு திருத்துகிற காணொளிகளையும் ஒரு கிழமை கண் எரியப் பார்த்தேன். அவர்கள் எல்லாரும் ஒரு விதமான பசையைப் பூசினார்கள். இரண்டு டப்பாவில் வரும், கலந்து பூசினால் கல்லாக இறுகிவிடும். பட்டணத்து ஹாட்வெயார் கடையில் அதே பசையைக் கண்டபோது, தாடியில்லாத குறை ஒன்றுதான் எனக்கு என்று நினைத்தேன்.

தோணியை நிமிர்த்திப் பார்த்ததில் முதல் நாளே முதுகு முறைப்பாடு கொடுத்தது. ஸ்குரூட்ரைவரால் ஒவ்வொரு பலகையாகக் குத்திப் பார்த்தேன். நல்ல பலகை 'டக்' என்று எதிர்த்தது. உக்கின பலகை ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே வாங்கிக்கொண்டது. கச்சேரியில் இந்த இரண்டு சாதியோடும் வேலை செய்திருக்கிறேன், ஆகவே வித்தியாசம் பிடிபட்டது. வாவியின் உவர்த்தண்ணீர் பட்ட அடிப்பகுதி பெரும்பாலும் திடமாக இருந்தது. மழைத்தண்ணீர் தேங்கின இடங்கள்தான் உக்கியிருந்தன. முன்னணியத்துக்குக் கீழே ஒரு முழ நீளம் புட்டுப்போல உதிர்ந்தது. அதை வெட்டினால் பக்கத்தில் இன்னொரு சாண், அதை வெட்டினால் அடுத்தது தன் முறை என்றது. மூன்றாவது நாள், தோணி முழுவதையும் வெட்டியெறிந்துவிட்டுத்தான் உக்கல் நிற்கும் என்று தோன்றியபோது, நானாக ஒரு இடத்தில் கோடு கிழித்து 'இதுவரைக்கும்தான் உக்கல்' என்று முடிவெடுத்தேன். அரசாங்கத்தில் வேலை செய்தவனுக்கு இது கைவந்த வித்தை. வெட்டின இடத்துக்கு வேப்பம்பலகை துண்டு போட்டேன். நாலு தரம் அளந்தும் ஐந்தாவது துண்டுதான் பொருந்தியது. மற்ற நாலும் அக்காவின் அடுப்புக்குப் போயின. அவள் நன்றி சொன்னாள்.

இனிப் பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள். பழைய பஞ்சும் தாரும் இழுத்தவுடன் கையோடு வந்தன. இரண்டு வருஷம் காய்ந்த மரம் சுருங்கிக் கிடந்தது. பெட்டைக் கோழி ஒன்று அந்தப் பக்கம் நின்று இடைவெளியால் என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. எங்கள் பக்கத்து வழக்கம் என்னவென்றால், இப்படிக் காய்ந்த தோணியை ஆழமில்லாத இடத்தில் கல்லேற்றித் தாழ்த்தி, மூன்று நாள் அப்படியே விட்டுவிடுவார்கள். தோணி தண்ணி குடிக்கட்டும் என்பார்கள். குடித்த மரம் உப்பி, இடைவெளி தானாக ஒடுங்கும். மிச்சத்துக்குத்தான் பஞ்சு. இது எனக்குத் தெரியாது என்று சொல்லமுடியாது. அத்தான் கதிரையில் இருந்தபடி சொன்னார்.

"தாட்டு... வை."

"அத்தான், தாழாம இரிக்கத்தானே திருத்துறன். முதல் வேலையா நானே தாழ்க்கிறதா?"

"மூண்டு... நாள். குடிக்கட்டும்."

"நாளைக்கு லொறி வந்து நிண்டா?"

அவர் ஒரு சொல்லைப் பிடித்து வருவதற்குள் நான் பசையைக் கலந்துவிட்டேன். தேங்காய் நாரை விரலால் திணித்து, உளியால் அடித்து, அதற்கு மேல் பசையை ஊற்றி, இடைவெளி என்ற சொல்லுக்கே இடமில்லாமல் நிரப்பினேன். அத்தான் தடியை ஊன்றி எழும்பி வந்து, குனிந்து, இடக்கை விரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்தார்.

"இறுக்காத. கொஞ்சம்... ஒழுகட்டும்."

வருத்தக்காரர்கள் சின்னச் சின்ன விஷயங்களில் நம்பிக்கை இழந்துவிடுவார்கள் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். ஆகவே அவருக்குத் தைரியம் சொன்னேன். அந்தத் தைரியத்தின் உச்சத்தில்தான் பேணியை எடுத்துக் குப்பைக் குழிக்குள் எறிந்து இரண்டு வசனம் பேசியது. அத்தான் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதிரைக்குத் திரும்பிப் போனார்.

தோணியைத் தள்ளி இறக்கினோம். ஒழுகவில்லை. ஒரு நாள் முழுக்கக் கரையில் கட்டிக் கிடந்தது, ஒரு சொட்டில்லை. மணிக்கொரு தரம் போய் அடிப்பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, காய்ந்த கையைப் படமெடுத்து ஊரிலுள்ள எல்லாருக்கும் அனுப்பினேன். கொழும்பிலிருந்து ஒரு நண்பர், 'கைக்கு என்ன வருத்தம்?' என்று கேட்டிருந்தார். இரண்டாம் நாளும் சொட்டில்லை. மூன்றாம் நாள் காலை அத்தானை நடுப்பலகையில் இருத்தி, அக்கா இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் அடுக்கித் தந்த சாப்பாட்டுக் கரியரை அவர் மடியில் வைத்து, நான் பின்னால் நின்று வலிக்கத் தொடங்கினேன். தோணி நேராகப் போனது என்று சொல்லமாட்டேன். போனது. அத்தானின் இடக்கை அடிக்கடி கீழே போய்க் காய்ந்த பலகையைத் தடவிவிட்டு, ஒன்றும் அகப்படாமல் திரும்பியது. என் வேலையை வியக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி வாவியில், பாலம் தெரிகிற இடத்தில், தோணிக்குள் விரல் நெட்டி முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. மரம் மூன்று நாளாகத் தண்ணீர் குடித்து உப்பிக்கொண்டிருந்திருக்கிறது. உப்புவதற்கு அதற்கு நான் ஒரு மயிரிழை இடமும் விட்டுவைக்கவில்லை. கல்லான பசையோடு மல்லுக்கட்டிய மரம், கடைசியில் நான் போட்ட வேப்பந்துண்டின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு, ஒரு பலகையை வாய்போல வெளியே திறந்தது. ஒழுகவில்லை என்று இப்போதும் சொல்வேன். ஒழுகுவது வேறு. வாவி உள்ளே வந்து உட்கார்ந்தது.

இறைக்க ஒன்றுமில்லை. கரியரைத் திறந்து இடியப்பத்தை வாவிக்குக் கொடுத்துவிட்டு, அடித்தட்டால் அள்ளி ஊற்றினேன். மேல்தட்டை அத்தான் இடக்கையால் உயர்த்திப் பிடித்திருந்தார். "சொதி..." என்றார். "கொட்டாத." நாங்கள் ஆறுதலாகக் கீழே போனோம். இடுப்பளவு தண்ணீர்தான். தோணி சேற்றில் குந்தியது. அத்தான் அதே பலகையில், அதே நிமிர்ந்த முதுகோடு, தொப்புள்வரை வாவிக்குள், சொதித்தட்டை ஏந்தியபடி இருந்தார். பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. போன்கள் உயர்ந்தன. "அண்ணே, தோணி ஓடுதா, இல்லாட்டி நிண்டு குளிக்கிறீங்களா?" என்று ஒரு குரல் அன்போடு விசாரித்தது.

அந்தப் பக்கமாகப் பைபர் போட்டில் வந்தவர், நாற்பது வயது தாண்டிய மீன்பிடிகாரர், அத்தானிடம் கணக்குப் படித்தவர். இயந்திரத்தை நிற்பாட்டி, தொப்பியைக் கழற்றி, வகுப்பில் எழும்பி நிற்கிறமாதிரி போட்டில் எழும்பி நின்றார்.

"சேர்... கணக்கு பிழைச்சிற்றுபோல."

அத்தான் இடக்கையைச் சொதித்தட்டோடு என் பக்கம் நீட்டினார். "என்ர... இல்ல. இவர்ர."

"வீட்ட கொண்டுபோய் விடவா சேர்?"

"அக்கரை" என்றார் அத்தான்.

அக்கரைக்கே போனோம், தாழ்ந்த தோணியைக் கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டு. பழைய மாணவர் அவரைத் தூக்கி வரம்பில் இருத்தினார். அவர் சொதியை நிலத்தில் வைத்துவிட்டு, தோணி கிடந்த முழங்காலளவு தண்ணீரைப் பார்த்தார். "கல்லு... ஏத்து. மூண்டு நாள்" என்றார். இந்தத் தரம் நான் கல் சுமந்தேன். ஈரக் காற்சட்டையோடு ஓட்டோ பிடித்து, பாலத்தால், வீட்டுக்கு வந்தோம். அக்கா வாசலில் நின்றாள். படம் எங்களுக்கு முதலே வந்து சேர்ந்துவிட்டது.

அடுத்த நாள் லொறி வந்தது. கட்டி இழுத்துப் போனதை அக்கா போனதாக எடுப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் தோணி எங்கே என்று கேட்டார்கள். அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். "அக்கரையில, ஆத்துக்குள்ள தாழ்ந்துபோய்க் கிடக்கு. கல்லும் ஏத்தியிரிக்கி. போய் எடுங்க" என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முற்றத்தில் பூங்கன்று நடுகிறவர்களுக்கு வாவிக்குள் இறங்கும் ஆசை இல்லை. லொறி வெறுமையாகத் திரும்பியது. தோணியைக் காப்பாற்றியது என் திருத்த வேலை அல்ல, அது தாழ்ந்ததுதான் என்பதை எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் மறுக்க முடியவில்லை.

மூன்று நாளும் முடிய, பழைய மாணவரும் நானும் என் பசையை உளியால் கொத்தி எடுத்தோம். பூசினதைவிட எடுப்பது இரண்டு மடங்கு வேலை. அவர் தாரில் தோய்த்த பஞ்சைக் கொஞ்சம் தளர்வாக, மரத்துக்கு மூச்சுவிட இடம் வைத்து அடைத்தார். பலகைத் துண்டை அவரே மாற்றினார், ஒரே அளவில். அதற்குப் பிறகு அக்கா அத்தானை ஓட்டோவில் கூட்டிவந்தாள். இறங்கும்போது அவள் கையில் அந்தப் பேணி இருந்தது. நான் எறிந்த அன்றே எடுத்துக் கழுவி, கோழிக்குத் தீன் அளக்க வைத்திருந்திருக்கிறாள். அத்தான் அதை இடக்கையால் வாங்கிக்கொண்டு ஏறினார். தோணி ஒழுகியது. விரல்நுனி உயரத்துக்குத் தண்ணீர் வந்ததும் அவர் குனிந்து அள்ளத் தொடங்கினார். நான் வலிக்க வலிக்க அவர் எண்ணினார். சாதாரணச் சொற்கள் எல்லாம் வரிசையில் நின்று வந்த அந்த வாயிலிருந்து, ஒன்று தொடக்கம் நாற்பதுவரை ஒரு தட்டுத்தடங்கலும் இல்லாமல் வந்தது. நாற்பதில் பத்துப் பேணி. பிறகு மறுபடி ஒன்று. இப்படியே எங்கள் கரைவரை.

அதற்குப் பிறகு பெரும்பாலும் கிழமைக்கொரு தரம் போனோம். ஒன்றேகால் வருஷம். பிறகு அவர் இல்லை.

தோணி இப்போது என் பொறுப்பில். ஒவ்வொரு கோடையிலும் கல்லேற்றித் தாழ்த்துகிறேன், எடுக்கிறேன், பஞ்சு அடைக்கிறேன், ஒரு பக்கத்து உக்கலை வெட்ட மற்றப் பக்கம் தொடங்குகிறது. முதுகு இதை எப்போதோ கைவிட்டுவிட்டது. ஏன் செய்கிறாய் என்று கேட்டால், நிற்பாட்டுவதற்கு ஒரு முடிவெடுக்கவேண்டும், அதற்கும் அலுப்பாக இருக்கிறது என்பேன். வலிப்பதும் நான், இறைப்பதும் நான். கைபிடியில் உள்ள பள்ளங்கள் என் விரலுக்குச் சரிவருவதில்லை. அவருடைய இடக்கைக்கும் சரிவந்திருக்காது, அவை வலக்கைக்குத் தேய்ந்தவை. அப்படியும் அதைப் பிடித்தே அள்ளினார். இறைக்கிற நேரமெல்லாம் எனக்குள் ஒரு விளக்கம் வளர்ந்துகொண்டு வந்தது. சவள் பிடிக்க முடியாத மனிதருக்குத் தோணியில் மிஞ்சியிருந்த ஒரே வேலை அந்தப் பேணிதான். ஒழுகாத தோணியில் அவர் வெறும் சாமான், இடியப்பக் கரியர் மாதிரி ஏற்றி இறக்குகிற ஒன்று. 'கொஞ்சம் ஒழுகட்டும்' என்று அவர் கேட்டது மரத்துக்காக மட்டுமல்ல, தனக்கும் ஒரு இடம் கேட்டிருக்கிறார். இதை நினைத்து இரண்டொரு தரம் நடு வாவியில் கண்ணும் கலங்கியிருக்கிறேன்.

போன கிழமை பேணியைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் அக்காவிடம் போய், இதையெல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவள் முறத்தை வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டாள். பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பிடி ஒண்டுமில்லடா தம்பி" என்றாள். "நீ வலிக்கிறத ஒருக்காப் பாத்தவரெல்லுவா. அண்டைக்கு அக்கரைக்கு ஓட்டோவில வெளிக்கிடக்குள்ளயே, 'இவன நம்பி வெறுங்கையோட ஏறேலாது, அந்தப் பேணிய எடு' எண்டவர். அந்த ஒரு வசனத்தத்தான் மனிசன் திக்காமச் சொன்னவர்."